பின்னாலேயே போன குட்டன்

ஓகிப் புயல் அடித்ததே, அதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. வருஷத்தை நம்பராகச் சொல்ல எனக்கு வராது. புயல், வெள்ளம், மூத்தவன் கல்யாணம், இப்படித்தான் என் கணக்கு. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் வயலும் வாழையுமாக எங்கள் ஊர் வந்துவிடும். ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே, சானல் என்று நாங்கள் சொல்கிற வாய்க்கால் கரையில், ஒன்று முதல் ஐந்து வரைக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அப்போது பிள்ளைகள் முப்பத்தெட்டு. எப்படி இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், அந்த முப்பத்தெட்டு வயிற்றுக்கும் மத்தியானச் சோறு பொங்கிப் போட்டது நான்தான். சத்துணவு ஆயா. பதினாலு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், படிக்க என்று ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

அப்புறம் எப்படி இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் திருநெல்வேலியைத் தாண்டினால் யாருக்கும் புரியாதாம், அதனால் கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுகிறாள். இப்போதே "பாட்டி, கதைக்கு வா" என்று பேனாவால் என் முழங்காலைத் தட்டியாகிவிட்டது. வருகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து துபாய், மஸ்கட் என்று போன பிள்ளைகள் நிறைய. அவர்கள் எல்லாரும் சேர்ந்து, ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டரும் ரோபோட்டும் படிக்கட்டும் என்று மூன்று பெட்டி வாங்கி அனுப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடமோ ஏழெட்டு. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பெட்டி கொஞ்ச மாசம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கும். பிறகு அவர்கள் சார்பாக நாகர்கோவிலிலிருந்து ஒரு சார் வந்து பார்ப்பார். பிள்ளைகள் தாங்களாகவே ஓட்டிக் காண்பித்தால் பெட்டி அங்கேயே தங்கிவிடும். இல்லையென்றால் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. புது மிக்சி என்று நினைத்துவிட்டேன். சத்துணவுக்கூடத்துக்கு ஒரு மிக்சி வேண்டுமென்று நான் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்தால் சின்னச் சின்னச் சக்கரம், ஒயர், தீப்பெட்டி அளவுக்கு என்னென்னவோ. இதை வைத்துத் தேங்காய்கூட அரைக்க முடியாதே என்று திரும்பிப் போய்விட்டேன்.

எங்கள் டீச்சர் இருக்கிறாளே, சின்ன வயசு, மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் முதல் இரண்டு வாரம் அந்தச் சக்கரங்களைத் தொடவே இல்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டாள். ஒரு பிள்ளை மெஷின், இன்னொரு பிள்ளை கட்டளை போடுகிற ஆள். 'மூணு கட்டம் முன்னால போ. வலது பக்கம் திரும்பு. ரெண்டு கட்டம் போ.' மெஷின் பிள்ளை சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யவே கூடாது. இதுதான் பாடமாம். சோறு வடித்துக்கொண்டே பார்ப்பேன். காசு கொடுத்து டவுனில் படிக்கிற படிப்பு இந்தப் பாண்டி விளையாட்டுதானா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு நாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பயல் ஒருவன் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் வருகிறான். கண் அடுப்பைப் பார்க்கிறது, கால் நிற்கவில்லை.

"ஏலே, நில்லுலே! எண்ணெ தெறிக்கும்!"

"நீங்க சொன்னா நிக்கப்பிடாது ஆயாம்மா. அவ சொல்லணும்."

அவள் யார் என்று பார்த்தால், ஐந்தாம் வகுப்பில் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். 'நட' என்று சொல்லிவிட்டாளாம், எத்தனை அடி என்று சொல்ல மறந்துவிட்டாளாம். நான் அவன் நிக்கரைப் பிடித்து நிறுத்தினேன். டீச்சர் ஓடி வந்தாள். அவன் முதுகில் ஒன்று வைப்பாள் என்று பார்த்தால், பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறாள், "இது யாருக்க தப்பு?"

முப்பது விரல் அந்தப் பயலைக் காட்டியது.

"இல்ல. அவன் சொன்னதைச் செஞ்சான். சொன்ன ஆளு சரியாச் சொல்லல்ல. மெஷினைத் திட்டி ஒரு பிரயோசனமும் இல்ல, நாம சொன்னதைத்தான் திருப்பிப் பாக்கணும்."

எனக்கு டீச்சர் மேல்தான் கோபம் வந்தது. கொதிக்கிற எண்ணெய் பக்கத்தில் வந்தவனை ஒன்றும் சொல்லாமல் இது என்ன நியாயம்!

அந்தப் புதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கடற்கரைப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா வீடு எங்கள் ஊர் என்பதால் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவள் பேசினால் மழைக்கு ஓட்டில் தண்ணீர் ஓடுகிற மாதிரி கடகடவென்று வரும். மற்றப் பிள்ளைகள் அதே மாதிரி பேசிக்காட்டிக் கேலி செய்யும். அதனால் வகுப்பில் வாயைத் திறப்பது குறைவு. என்னிடம் மட்டும் பேசுவாள். முதல் நாளே தட்டைப் பார்த்துவிட்டு, "ஆயாம்மா, இந்தச் சாம்பார்ல ரெண்டு சாளை மீன் கெடந்தா கொள்ளாம், ருசியா இருக்கும்" என்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

பிறகு பெட்டியிலிருந்ததை எல்லாம் எடுத்துப் பிள்ளைகளே பூட்டினார்கள். இரண்டு பக்கமும் சக்கரம். முன்னால் இரண்டு உருண்டைக் கண். ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் விரல் நுனி போகாத அளவுக்குச் சின்னதாக ஒரு கறுப்புக் குழாய். முன்னால் ஏதாவது நின்றால் அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிடுமாம். பிள்ளைகள் அதற்குக் குட்டன் என்று பேர் வைத்தார்கள். டீச்சரின் லேப்டாப்பில் கலர் கலராகக் கட்டைகள் வரும். ஓட்டு வீட்டுக்கு ஓடு அடுக்குகிற மாதிரி அதை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் அதுதான் குட்டனுக்குக் கட்டளை.

அந்த அடுக்கில் கெட்டிக்காரி கடற்கரைப் பிள்ளைதான். 'முன்னால ஏதாவது தெரிஞ்சா ரெண்டடி பின்னால போ, வலது பக்கம் திரும்பு. ஒண்ணும் தெரியல்லேன்னா நேரே போ.' இதுதான் அவள் போட்ட கட்டளை. என் அடுக்களையிலிருந்து மூன்று தண்ணீர் வாளியை வாங்கிக்கொண்டுபோய் வகுப்பில் அங்கங்கே வைப்பார்கள். குட்டன் வாசலில் கிளம்பி, வாளிகளில் முட்டாமல் விலகி விலகி டீச்சர் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை போய்விடும். வாளி இல்லாமல் எனக்குத்தான் வேலை ஓடாது.

ஊரே வந்து பார்த்தது. பெரிய சார், அதாவது எங்கள் ஹெட்மாஸ்டர், கண்டவர்களும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்களே என்று பெட்டியின் மேல் சிவப்பு மையால் என்னவோ எழுதி ஒட்டினார். பள்ளிக்கூடத்தின் பேராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போது சரஸ்வதி பூஜை வந்தது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவாளே, அன்றிலிருந்தே எங்களுக்குக் கால் தரையில் நிற்காது. கல்யாணமான புதிதில் அதைப் பார்க்கப் போன இடத்தில் நான் யானையையே பார்த்துக்கொண்டு நின்று வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன். அவர் தேடித் தேடி அழாத குறை. சரி சரி, பேத்தி முறைக்கிறாள்.

பூஜைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தைக் கழுவி, தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். யாரும் சொல்லி வந்ததில்லை. அருவாமனை, அகப்பை, சோற்று அண்டா, மணி, கரும்பலகை, பெரிய சாரின் ஸ்கூட்டர், ஒன்றையும் விடமாட்டேன். பொட்டு வைத்த சாமான் பூஜை முடிகிறவரை வேலை செய்யக் கூடாது, அது ஓய்வெடுக்க வேண்டும். டீச்சர் மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பெரிய சாரும் பொட்டு வைத்த ஸ்கூட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டார். சாவி என்னிடம்.

எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தபோது பெட்டி கண்ணில் பட்டது. அதற்கும் ஒன்று வைத்தேன். அந்தச் சிவப்பு எழுத்துக்கு நட்டநடுவில், எடுப்பாக. வைத்துவிட்டு நாலடி நடந்திருப்பேன், மனசு கேட்கவில்லை. வேலை செய்வது பெட்டியா, உள்ளே இருக்கிறவனா? வேலைக்காரனுக்கு இல்லாத பொட்டு பெட்டிக்கு எதற்கு? திறந்து குட்டனைத் தூக்கி மேஜையில் வைத்தேன். இரண்டு கண்ணையும் உருட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. இத்தனை மாசமாக எத்தனை பேர் கண் அதன் மேல் விழுந்திருக்கும்! பக்கத்து ஊர் டீச்சர் ஒருத்தி மூன்று தடவை வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாளே, அது ஒன்று போதாதா? கண்ணேறு கண்ணில்தானே முதலில் படும். அதனால் இரண்டு கண்ணையும் சந்தனத்தால் நிறைத்து, மேலே குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்குக் கீழே உட்கார வைத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

பூஜை முடிந்து போய்த் திறந்து, ஈரத்துணியால் துடைத்துப் பழையபடி பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மேலே இருந்ததெல்லாம் வந்துவிட்டது. குழாய்க்குள் துணி போகவில்லை. மீதி தானாக உதிரும் என்று விட்டுவிட்டேன். ஒன்று சொல்கிறேன், அது கடையில் விற்கிற பவுடர் சந்தனம் இல்லை. நானே கல்லில் உரசி எடுத்தது. காய்ந்தால் சிமெண்டு மாதிரி நிற்கும். சந்தனம் உரசுவதில் என் கையை அடிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் பெரிய சாருக்குப் போன் வந்தது. பெட்டியைப் பார்க்க வருகிற சார் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார், இப்போது வருகிறார் என்று. ஒரே வெப்ராளம், யாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குட்டனுக்குச் சார்ஜ் ஏற்ற நேரம் சரியாக இருந்தது, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. பெரிய சார் என்னிடம் ஓடி வந்தார்.

"ஆயாம்மா, ஏத்தம்பழம் வாங்கிப் பழம்பொரி போடுங்க. சூடா இருக்கணும் கேட்டியளா."

பழத்தை மாவில் முக்கிப் போட்டு, எண்ணெயிலிருந்து முதல் ஈடு எடுக்கும்போதே சார் வந்துவிட்டார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் டைரி. வகுப்பில் பிள்ளைகள் சுவரோடு சுவராக நின்றார்கள். என் மூன்று வாளிகளும் அதனதன் இடத்தில். நான் கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றேன், அந்தப் பிள்ளை ஜெயிப்பதைப் பார்க்காமல் எனக்குப் பழம்பொரி எதற்கு?

அவள் லேப்டாப்பைத் தட்டினாள். குட்டன் 'ங்ங்' என்றது. இரண்டடி பின்னால் போனது. வலது பக்கம் திரும்பியது. மறுபடி இரண்டடி பின்னால். மறுபடி திரும்பியது. ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. கும்மியடிக்கிறவள் மாதிரி பின்னாலேயே வட்டம் சுற்றிச் சுற்றி, வந்திருந்த சாருடைய நாற்காலிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு போனது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"டீச்சரே, இதென்ன, சாரைக் கண்டு பயந்துட்டானா?" என்றார் பெரிய சார்.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் குட்டனை எடுத்து வாசலில் வைத்து மறுபடி தட்டினாள். மறுபடியும் கும்மி. மூன்றாவது தடவை வாசல்படியைத் தாண்டி வராண்டாவுக்கே போய்விட்டது. நாலு பிள்ளைகள் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பயல்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவ மாத்திப் போட்டுட்டா டீச்சர்!"

"அவளுக்கு முன்னால எது, பின்னால எதுன்னு தெரியாது டீச்சர். அவங்க ஊர்ல கடல்ல போற வள்ளம்தானே!"

"போலே," என்றாள் அவள். "வள்ளத்துக்கும் முன்னால பின்னால உண்டு. நான் ஒண்ணும் மாத்தல்ல டீச்சர். எனக்க கட்டளை சரி." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

வந்திருந்த சார் நல்ல மனுஷன். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. டைரியைத் திறந்துகொண்டே சொன்னார், "பரவாயில்லம்மா, பிள்ளைங்க நல்லா முயற்சி பண்ணுறாங்க. ஆனா ஓட்டிக் காட்டணும்னுதானே பேச்சு. பெட்டியை நான் இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். அடுத்த பள்ளிக்கூடத்துல காத்துட்டிருக்காங்க."

ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று, "குட்டன் போவாண்டாம்" என்று ராகம் போட்டு அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு.

டீச்சர் சொன்னாள், "சார், ஒரு பத்து நிமிஷம். நான் கைய வைக்கமாட்டேன். அவளே பாக்கட்டும்." பிறகு அந்தப் பிள்ளை பக்கம் குனிந்து, "மக்ளே, யாருக்க தப்புன்னு தேடாத. எது தப்புன்னு தேடு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு" என்றாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டளையில் கண் சம்பந்தப்பட்ட கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, 'நேரே போ' என்பதை மட்டும் வைத்துத் தட்டினாள். குட்டன் விர்ரென்று நேரே போய்ப் பெரிய சார் கால் பெருவிரலில் மோதி நின்றது.

"குட்டனுக்க காலு சரி," என்றாள்.

"எனக்க காலுதான் சரியில்ல," என்றார் பெரிய சார், விரலைத் தடவிக்கொண்டே.

பழைய கட்டைகளைத் திரும்ப அடுக்கினாள். வாளிகளை எல்லாம் தள்ளி வைக்கச் சொன்னாள். குட்டனுக்கு முன்னால் ஒரு ஈ கூட இல்லை. தட்டினாள். பின்னால் போனது. அவள் தரையில் கவிழ்ந்து படுத்து, குட்டன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"டீச்சர், முன்னால ஒண்ணுமே இல்ல. ஆனா இதுக்கு எப்பவும் ஏதோ நிக்க மாதிரி தெரியுது. கண்ணுலதான் என்னமோ கோளாறு."

நான் அப்போதுதான் பழம்பொரித் தட்டோடு உள்ளே வந்தேன். கண் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கல்லும் சந்தனமும் நான் விரலால் திணித்ததும் அப்படியே மனசில் வந்து நின்றது.

பொய் சொல்லவில்லை, முதலில் தோன்றியது, பேசாமல் அடுக்களைக்குப் போய்விடலாம் என்பதுதான். பார்த்தவர் யார்? அந்தப் பிள்ளை குழாய்க்குள் உற்று உற்றுப் பார்க்கிறாள், உள்ளே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "இப்ப கண்ணு மேல பழியைப் போடுதா" என்றான். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்தபிறகு என்னால் போக முடியவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்திருந்த சாருடைய மடியில் வைத்துவிட்டேன்.

"டீச்சரே, அதுக்க கண்ணுல சந்தனம் இருக்கு. நான்தான் வச்சேன். குங்குமமும் உண்டு."



"சந்தனமா?" என்றாள் டீச்சர்.

"பூஜைக்குத்தானே. எல்லாத்துக்கும் வச்சேன். இவனுக்கு மட்டும் வைக்கல்லேன்னா கொறையில்லியா?"

பெரிய சார் எழுந்துவிட்டார். "ஆயாம்மா! பெட்டி மேல இத்தனை பெருசா எழுதி ஒட்டியிருக்கனே, யாரும் தொடப்பிடாதுன்னு! பாருங்க, அந்த எழுத்து மேலயே பொட்டு வச்சிருக்கியளே! வாசிக்கல்லியா?"

அவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். என் குங்குமம் அந்த எழுத்துக்கு நடுவில் ஜம்மென்று இருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வந்து இரண்டு வருஷம்தான். நான் மாசாமாசம் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கிறவர். அது எழுத்தில்லை, கை பழகிய ஒரு சுழி, அவ்வளவுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அரிசி மூட்டை எது, பருப்பு மூட்டை எது என்று சாக்கின் நிறத்தை வைத்தே பதினாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன். பிள்ளைகள் வந்து நோட்டைக் காட்டினால் "அழகா இருக்கு மக்ளே" என்பேன். எழுத்து அழகாகத்தானே இருக்கும்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சாரே," என்றேன்.

முப்பத்தேழு முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது. தெருவில் நிற்கும்போது சேலை அவிழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஒரே ஒரு முகம் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை குட்டனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நிமிராமலே கையை நீட்டினாள்.

"ஆயாம்மா, ஊக்கு இருக்கா?"

ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். அவள் குழாய்க்குள் விட்டுப் பைய நோண்டினாள். பொடிப்பொடியாகச் சந்தனம் உதிர்ந்தது. வகுப்பெல்லாம் ஒரே மணம். கோவிலில் நடை திறந்த மாதிரி. நான் சொன்னேனே, கையால் உரசினது.

பெரிய சார் விடவில்லை. "கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

அந்தப் பிள்ளை ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தவள், ஊக்கை எடுத்துவிட்டுச் சொன்னாள், "சார், ஆயாம்மா மேல தப்பில்ல. வாசிக்கத் தெரியாத ஆளுக்கு எழுதி ஒட்டினா எப்படித் தெரியும்? நாமதான் சரியாச் சொல்லல்ல."

கேலி இல்லை, இரக்கம் இல்லை. குட்டனுக்குக் கால் சரி என்று சொன்ன அதே குரல். பெரிய சார் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அந்த எழுத்தை எழுதியவர் அவர்தானே. டீச்சர் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்தேன், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வாளியை வைங்கலே," என்றாள் அந்தப் பிள்ளை. கேலி செய்த பயல்களே ஓடிப்போய் வைத்தார்கள்.

தட்டினாள். குட்டன் முன்னால் போனது! முதல் வாளியைக் கண்டதும் நின்றது. இரண்டடி பின்னால் வந்தது. திரும்பியது. நேரே போனது. இரண்டாவது வாளி. மூன்றாவது வாளியில் உரசுகிற மாதிரி போய் எங்களை எல்லாம் மூச்சுப் பிடிக்க வைத்துவிட்டு, விலகி, டீச்சர் மேஜைக் காலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. வகுப்பு அதிர்ந்தது. வந்திருந்த சார் கை தட்டுகிறேன் என்று எழுந்ததில் மடியிலிருந்த தட்டு கவிழ்ந்து, பழம்பொரி நாலாபக்கமும் உருண்டு, ஒன்று அவர் டைரிக்குள்ளேயே போய்விட்டது.

அவர் அந்த எண்ணெய்ப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "மத்த ரெண்டு பெட்டியும் போன பள்ளிக்கூடத்துல எல்லாம் மக்கர் பண்ணாம ஓடிச்சு. யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டி வரல்ல. பெட்டி இங்கயே இருக்கட்டும் சார்."

பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "சரி, அடுத்த பூஜைக்கு என்ன செய்வே?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பெரிய சார் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்தாள். பின்பக்கம் திருப்பி என்னவோ வரைந்தாள். இரண்டு பெரிய கண். பக்கத்தில் பொட்டு வைக்கப் போகிற ஒரு விரல். எல்லாவற்றுக்கும் மேலே குறுக்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. என் முன்னால் வந்து தாளைப் பிடித்தாள்.

"ஆயாம்மா, இதுல என்ன போட்டிருக்கு? வாசிங்க."

நான் பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு, சத்தமாகச் சொன்னேன், "கண்ணுல பொட்டு வைக்கப்பிடாது."

"சரியா வாசிச்சியளே!" என்றாள். பிள்ளைகள் எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். பெரிய சாரும் தட்டினார். அறுபது வயசுக்கு மேல் நான் முதன்முதலாக வாசித்தது அதுதான்.

அதற்கு அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போக வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அதுவரைக்கும் நான் பஸ் ஏறுவது ஒரு பெரிய நாடகம். பக்கத்தில் நிற்கிறவர்களிடம், "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் மக்கா, அது எந்த பஸ்ஸுன்னு பாத்துச் சொல்லு" என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. என் கண் காக்கா கண், தூரத்தில் வருகிற டிரைவரின் மீசைகூடத் தெரியும், போர்டுதான் தெரியாது. யாரும் இல்லையென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு நிற்பேன். இரண்டு தடவை தப்பான பஸ்ஸில் ஏறித் திங்கள்சந்தைக்குப் போய், வேலை இருந்து வந்த மாதிரி முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு நேரே போய்க் கண்டக்டரிடமே கேட்டேன், "எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி, இது எங்க போற பஸ்?" அவன் என் மகளுடைய ஊர்ப் பேரையே சொல்லிவிட்டு, "ஏறுங்கம்மா, சீட்டு இருக்கு" என்றான். அவ்வளவுதான். ஆகாசம் இடிந்து விழவில்லை.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போனேன். 'தெரியாது' என்று சொல்லிவிட்டால் போதும், தெரிந்தவர்கள் சொல்லித்தருவார்கள் என்கிற இத்தனை சின்ன விஷயத்தை அறுபது வருஷம் கழித்து ஒரு பத்து வயசுப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டேனே என்று நினைத்தால், வெட்கத்துக்குப் பதிலாக இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் பொங்கிக்கொண்டு வருகிறது.